காத்தாயி அம்மாளும் ஒன்பது அசேலியாத் தொட்டிகளும்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், தம்போயில் இருக்கும் என் மருந்துக் கடைக்கு ஒரு தபால் அட்டை வந்தது. சிகாமட் ஸ்டேஷன் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் மரைக்காயர் எழுதியிருந்தார். மழையைப் பற்றி, ஆற்றுத் தண்ணீர் கடை வாசல்வரை வந்ததைப் பற்றி, தம் முழங்கால் வலியைப் பற்றி எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் போதாமல் எழுத்தைச் சிறுக்கி, "தோட்டத்துக் காத்தாயி அம்மா வெள்ளிக்கிழமை விடியற்காலம் காலமாகிவிட்டது. தங்களுக்குச் சேதி வந்திருக்குமோ என்னவோ" என்று முடித்திருந்தார்.

எனக்குச் சேதி வரவில்லை. அவரை மண்ணில் வைத்து அதற்குள் நான்கு நாள் ஆகியிருந்தது. அன்று கடையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இருமலுக்கும் சிரங்குக்கும் மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தெருவில் அவரைக் கண்டவர், கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல், கடை சாத்தும்வரை அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் நீங்கள் கூடும்போது வாசிக்கும்படி கேட்டு இதைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அனுப்புகிறேன். நான் யார் என்பது உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். பதினோரு வருஷம் நம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தவன். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரையும் போல நானும் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இந்தக் காகிதத்தில் மட்டும் அவர் என்று எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை நான் முதலில் அறிந்தது அவர் கணவர் மலைக்காய்ச்சலில் கிடந்தபோது. ஆஸ்பத்திரியில் ஆறே கட்டில். மூன்று நாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அந்த மனிதர் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் காத்தாயி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். கணவர் போர்த்தியிருந்த ஆஸ்பத்திரிக் கம்பளியைத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டு வந்திருந்தார்.

"இதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

"அடுத்து வந்து படுக்கிறவங்களுக்குக் குளிருமில்லங்க" என்றார்.

பிள்ளைகள் இல்லை. ஊரில் ஒரு தம்பி இருந்தார், கடிதம் போடுகிறவர் இல்லை. லயத்தில் தனி அறையில் இருந்துகொண்டு புல்லு வெட்டுக்குப் போய் வந்தார். நானும் தனிக்கட்டைதான். கப்பலேற மாட்டேன் என்று என் மனைவி நாகப்பட்டணத்திலேயே தங்கிவிட்டாள்.

அசேலியாச் செடிகள் வந்தது அதற்கு அடுத்த வருஷம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, சிங்கப்பூரில் ஒரு சீனர் நாற்றுத் தோட்டத்தில் ஒன்பது தொட்டிகள் வாங்கி, ரயிலில் ஏற்றி, சிகாமட் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் சுற்றிக் கொண்டு வந்தார். குளிர்ச்சியை விரும்பும் செடி, நம் வெயிலில் நிற்காது என்று கணக்கெழுதும் கிராணிமார் பேசிக்கொண்டார்கள். பங்களாவின் பின்வராந்தாவில், காலை வெளிச்சம் மட்டும் படும் இடத்தில், நீண்ட பலகை போட்டு அவற்றை வரிசையாக வைத்தார்கள். முதல் தடவை பூத்தபோது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இலை தெரியாமல் சிவப்பும் வெளிர்சிவப்புமாக அடைத்துக்கொண்டு நின்றது. லயத்து ஜனங்கள் அதற்குத் துரைசாணிப் பூ என்று பேர் வைத்தார்கள்.

இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு செடிகள் நோய் கண்டன. தளிர் எல்லாம் சுருண்டுகொண்டது. இலையைத் தொட்டால் பாகு மாதிரி ஒட்டியது. பிறகு அந்தப் பாகின்மேல் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுப்புப் படிந்தது. வேர் அழுகல் என்று துரை சொன்னார். தூக்கி எறிந்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. அன்றைக்குப் பங்களா வேலியோரம் புல்லு வெட்டிக்கொண்டிருந்த காத்தாயி, அங்கே சமைக்கும் குசினிக்காரரைக் கூப்பிட்டு, "எறும்பு வரிசையா ஏறுது பாருங்கண்ணே. எறும்பு சும்மா ஏறாது" என்று சொல்லியிருக்கிறார். துரைசாணி அவரை உள்ளே வரச் சொன்னார். காத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தளிரை மெல்லத் திருப்பிக் காட்டினார். அடியில் கடுகைவிடச் சிறிய பச்சைப் பூச்சிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன.

"எங்க ஊர்ல அவரைக்கொடியில விழுமே, அதே அசுவினிதாங்க. சாற்றைக் குடிச்சிட்டு இனிப்பா கழியும். அதைத் திங்கத்தான் எறும்பு வருது. வேருல ஒண்ணும் இல்ல."

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பேரைப் புல்லு வெட்டிலிருந்து எடுத்துப் பங்களாத் தோட்டத்தில் சேர்த்தார்கள்.

அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். முதலில், மோசமாகச் சுருண்ட தளிர்களைக் கிள்ளி நெருப்பில் போட்டார். மற்றவற்றை ஒரு கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை விசிறி அடித்தார். தண்ணீரில் விழுந்த பூச்சி திரும்ப ஏறத் தெரியாமல் சாகும் என்றார். பலகையின் கால்களைத் தகர டின்களில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி வைத்தார். எறும்பு ஏறுவது நின்றது. அப்படியும் அடங்காத செடிக்குத்தான் மருந்து. மரைக்காயர் கடையில் கழித்துப் போடும் புகையிலைக் காம்புகளை வாங்கி வந்து ஊறப்போட்டு, வடிகட்டி, அதில் துணி துவைக்கும் சவுக்காரம் கொஞ்சம் கரைத்து, வெயில் வராத நேரமாகப் பார்த்துத் துணியால் ஒற்றிவிடுவார். மறுநாள் நல்ல தண்ணீரால் கழுவிவிடுவார்.

துரைசாணி செடி சீக்கிரம் தேறட்டும் என்று எருவை அள்ளிப் போடச் சொன்னபோது காத்தாயி தயங்கி நின்றார். குசினிக்காரர்தான் அவர் சொன்னதை எடுத்துச் சொன்னாராம்: "தீனி அதிகமாப் போனா தளிர் கொழுக்கும். கொழுத்த தளிருக்குத்தான் அசுவினி தேடி வரும். பசிச்ச வாய்க்கு அளவாக் குடுத்தா போதும்." புதிதாக ஒரு செடி வந்தால் அதைப் பத்துப் பதினைந்து நாள் கோழிக்கூண்டுப் பக்கம் தனியாக வைத்து, இலைகளைத் திருப்பிப் பார்த்த பிறகே பலகைக்கு ஏற்றுவார்.

சவுக்காரத்துக்காக அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார். எங்களுக்குப் பேச்சு ஏற்பட்டது அப்படித்தான். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார், படிக்குக் கீழேயே நிற்பார். ஐந்து நிமிஷம் பேசுவோம். எந்தச் செடி மொட்டு விட்டது, எது இலை உதிர்த்தது, இவ்வளவுதான். ஒருநாள் வாழையிலைத் துண்டை மடித்துக் கொண்டு வந்தார். பிரித்தால் நாலைந்து பொறிவண்டுகள். லயத்துப் பயிற்றங்கொடியிலிருந்து பிடித்துப் பங்களாவுக்கு எடுத்துப் போகிறாராம். "இது நம்ம ஆளுங்க ஐயா. நாள் பூரா அசுவினியைத்தான் திங்கும்" என்றார். அதன் குஞ்சு முதலைக்குட்டி மாதிரி விகாரமாக இருக்கும். குசினிக்காரர் அதைப் புழு என்று நினைத்து நசுக்கிவிட்டபோது காத்தாயி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. காய்ச்சல், கழிச்சல், வெட்டுக்காயம் என்று கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு, ஒரு நாளில் நோயைப் பற்றி இல்லாத பேச்சு அந்த ஐந்து நிமிஷம்தான். சவுக்காரம் சீக்கிரம் தீராதா என்று நான் எதிர்பார்த்திருந்தது உண்டு.

ஆற்றோரம் காய்கறி போட்டிருந்த சீனர் ஒருவர் அவருக்குத் துபா வேர் கொடுத்தார். மலாய்க்காரர்கள் மீன் பிடிக்க ஆற்றில் நசுக்கிப் போடும் வேர். அதை இடித்துக் கரைத்துத் தெளித்தால் ஒரே நாளில் பூச்சி தீரும் என்று சீனர் தம் கீரைப்பாத்தியைக் காட்டினார். காத்தாயி அந்த வேரை என்னிடம் கொண்டு வந்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பங்களாத் தண்ணீர் ஓடை வழியாக லயத்துக் குளிக்கிற இடத்துக்குத்தான் இறங்குகிறது, அங்கே பிள்ளைகள் வாய் கொப்பளிக்கிறார்கள் என்றார். பழையபடி விடியற்காலையில் எழுந்து கையால் கழுவினார்.

சில வருஷம் கழித்துத் துரைசாணி உடம்பு சுகமில்லாமல் சீமைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அங்கேயே இறந்துபோன செய்தி துரைக்குத் தந்தியில் வந்தது. அதன்பின் துரை விருந்தாளிகளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். மாலையில் நாற்காலியைப் பின்வராந்தாவுக்கு இழுத்துப் போட்டு அந்த ஒன்பது தொட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தோட்டத் தமிழ் தெரியும்.

"காத்தாயி, பூ வருமா?" என்று கேட்பார்.

"வரும் தொரை" என்பார் இவர்.

அவ்வளவுதான் பேச்சு. இவர் டின்களில் தண்ணீர் நிரப்பிவிட்டு லயத்துக்கு இறங்குவார். அவர் இருட்டும்வரை அங்கேயே இருப்பார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் இவர் இறங்குவதும் அவர் உட்கார்ந்திருப்பதும் தெரியும்.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது.

ஒரு வருஷம் மழை சீக்கிரம் நின்று கடும் வெயில் காங்கை கிளம்பியது. அசுவினி என்றைக்கும் இல்லாதபடி விழுந்தது. காத்தாயி கழுவக் கழுவ ஏறியது. நான் அப்போது விவசாயம் சம்பந்தமாக ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் மண்ணெண்ணெயும் சவுக்காரமும் சேர்த்துக் கடைந்து செய்யும் மருந்து ஒன்று எழுதியிருந்தது. காத்தாயியிடம் சொன்னேன்.

"மண்ணெண்ணெய் வேண்டாங்க ஐயா. இது மெல்லிய இலை, கருகிப்போயிடும்."

"படிச்சவன் சொல்றேன். எண்ணெயை அப்படியேவா ஊத்தச் சொல்றேன்?"

"நாளைக்கும் ஒருவாட்டி கழுவிப் பாக்குறேங்க" என்று போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட லயத்துக்குப் போயிருந்தார். குசினிக்காரர் சிகாமட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். கொசுவுக்காகக் குட்டைகளில் எண்ணெய் அடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு நான் பங்களாவுக்குப் போனேன். பலித்தால் துரையிடம் நானே போய்ச் சொல்லலாம், இரண்டு நல்ல வார்த்தை கேட்கலாம் என்ற ஆசை. ஆஸ்பத்திரியில் ஆறு கட்டிலும் நிறைந்து தரையிலும் ஆட்கள் கிடந்தார்கள். அவசரத்தில் நான் மருந்தைச் சரியாகக் கடையவில்லை, சேர்க்கவேண்டிய அளவு தண்ணீரும் சேர்க்கவில்லை. எண்ணெய் மேலே தனியாக மிதந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அடித்தேன்.

ஒன்பது தொட்டிக்கும் அடித்து முடிக்கும்போது காத்தாயி வந்தார். வாசனையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. "தண்ணி மொண்டு குடுங்க ஐயா. கழுவணும்" என்றார். நான் வாளியில் மொண்டு கொடுக்க, அவர் சவுக்காரத் துணியால் ஓர் இலை விடாமல் துடைத்தார். பாதியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிடவே போய்விட்டேன். அவர் தனியாகப் பொழுது சாயும்வரை கழுவினார். நான்கு தொட்டிகள் பிழைத்தன. மற்ற ஐந்தும் மூன்றே நாளில் தீய்ந்து உதிர்ந்து குச்சியாக நின்றன.

துரை பெரட்டில் கேட்டார். விடியற்காலை, எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். நான் நோயாளிப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு கிராணிக்குப் பின்னால் நிற்கிறேன்.

"செடிக்கு எண்ணெய் அடிச்சது யார்?"

சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

"நான்தான் தொரை அடிச்சேன்" என்று பெண்கள் வரிசையிலிருந்து காத்தாயியின் குரல் கேட்டது.

துரை அவரையே பார்த்தார். திட்டவில்லை. "நீயா?" என்று கேட்டார். பிறகு கங்காணியிடம், "புல்லு வெட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் ஏழாம் நம்பர் ரப்பர் காட்டில் அவரைத் தேடிப் போனேன். வெயிலில் குனிந்து லாலான் புல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன்.

நிமிராமலே சொன்னார்: "உங்களை அனுப்பிட்டா அந்த ஆறு கட்டிலையும் யாரு பாப்பா? ரெண்டு கைப்புள்ளைங்க வேற காய்ச்சல்ல கிடக்குதுங்க. புது ஆளு வர ஒரு மாசம் ஆகும். என்னை அனுப்பினா புல்லு வெட்டத்தானே அனுப்புவாங்க. அது எனக்குத் தெரிஞ்ச வேலை."

"நான் துரைகிட்ட போய்ச் சொல்லிடுறேன்."

"காய்ச்சல் ஓயட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

காய்ச்சல் ஓய்ந்தது. நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த மாதமும் போயிற்று. நாள் போகப்போக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டியதாயிற்று.

எஞ்சிய நான்கு தொட்டிகளை நான் பார்த்துக்கொள்வதாகத் துரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பெருந்தன்மை என்று கிராணி புகழ்ந்தார். காலையில் பங்களாவில் இலைகளைக் கழுவிவிட்டு, சந்தேகம் வந்தால் மத்தியானம் காட்டில் போய் அவரைக் கேட்பேன். குச்சியில் பச்சை இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். புகையிலைத் தண்ணீரின் நிறம் சாயாத் தண்ணியைவிட அடர்ந்தால் கூடாது என்றார். பொறிவண்டு இருக்கும் செடிக்கு எதையும் அடிக்கக் கூடாது என்றார். துரை இன்னும் மாலையில் அங்கே உட்காருகிறாரா என்று ஒருநாள் கேட்டார். உட்காருகிறார் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கொத்தத் தொடங்கினார்.

லயத்தில் அவரைப் பேசியவை என் காதிலும் விழுந்தன. செத்துப்போன துரைசாணியின் பூவைக் கருக்கியவள் என்றார்கள். கை ராசி இல்லாதவள், அதனால்தான் புருஷனும் போனான் என்றார்கள். கல்யாண வீடுகளில் அவரைப் பூத்தொடுக்கக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் தெரியாமல் பேசினீர்கள்.

ரப்பர் விலை விழுந்தபோது தோட்டம் பாதி காலியானது உங்களுக்குத் தெரியும். லயம் லயமாக ஜனங்களை ஊருக்கு அனுப்பினார்கள். துரைக்கும் வேலை போயிற்று. அவரை ஏற்றிவிடச் சிகாமட் ஸ்டேஷனுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ரயில் வர அரைமணி நேரம் இருந்தது. நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொல்ல இனித் தடை ஒன்றும் இல்லை. செடிகளைப் பார்த்துக்கொண்டதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன். சில மாதத்தில் நானும் தம்போய்க்கு வந்துவிட்டேன். ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக் காத்தாயி கப்பலேறாமல் நம் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்.

இரண்டு வருஷம் முன்பு ஒருதரம் அவரைப் பார்க்க வந்தேன். அப்போது என்னைக் கண்டவர்கள் பழைய டிரெசர் வந்திருக்கிறார் என்று நாற்காலி கொண்டு வந்து போட்டீர்கள். காத்தாயி அறை வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கண் பார்வை குறைந்திருந்தது. என் குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணீர்க் குழாய்ப் பக்கமிருந்து ஒரு பெண், "பூக்கருக்கி, ஒன் குடம் ரொம்பிப்போச்சு" என்று கூப்பிட்டாள். வைகிற குரல் இல்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். கூப்பிட்டவளுக்கு இருபது வயதுகூட இராது, அந்தப் பேர் எப்படி வந்தது என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. காத்தாயி, "இந்தா வரேன்" என்று எழுந்து போய்க் குடத்தை எடுத்து வந்தார்.

அவர் திரும்ப உட்கார்ந்ததும், "அந்தப் பேரைச் சொல்லியா கூப்பிடறாங்க? நீயும் ஏன் போறே?" என்று கேட்டேன்.

அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "காத்தாயின்னு கூப்புட்டவங்க எல்லாம் கப்பலேறிட்டாங்க, இல்லாட்டி செத்துட்டாங்க. இதையாவது சொல்லிக் கூப்புட ஆளு இருக்கேங்க ஐயா."

அன்றைக்காவது நான் எழுந்து குழாயடியில் நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிகாமட்டில் ரயிலைப் பிடிக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய படம் என்னிடம் இல்லை. அவர் எழுதிய கடிதம் இல்லை, அவருக்கு எழுதத் தெரியாது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. அதை நீங்கள்தான் எனக்குக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு அவர் படையலுக்கு முன்னால் பெயர் சொல்லும்போது காத்தாயி என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திச் சொல்ல வையுங்கள். நான் மறுபடி தோட்டத்துக்கு வரும்போது நாற்காலி போட வேண்டாம். ஐயா என்றும் டிரெசர் என்றும் கூப்பிட வேண்டாம்.

பூக்கருக்கி நான்தான். அப்படிக் கூப்பிடுங்கள், வருகிறேன்.